ஆர்.ஓ. தண்ணீரில் கருப்பும் வெள்ளையுமாகத் துகள்கள்: குடிக்கலாமா, கூடாதா?

சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருப்பதாகவும், ஆழ்துளைக் கிணற்று நீரை ஆர்.ஓ. மெஷினில் சுத்திகரித்துக் குடிப்பதாகவும், கார்ட்ரிட்ஜ் மாற்றி இரண்டு வாரம் ஆன பிறகும் டம்ளரின் அடியில் கருப்புத் துகள்கள் தங்குவதாகவும், அதே நீரைக் கொதிக்க வைத்தால் வெள்ளைச் செதில்கள் மிதப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது, இதைக் குடிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. மெஷினைப் பராமரிக்க வந்தவர் “அதெல்லாம் ஒன்றும் செய்யாது” என்று சொல்லிவிட்டுப் போனதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை அவர் பார்க்கவே இல்லை.

கருப்புத் துகள் பெரும்பாலும் கார்பன் தூளாக இருக்கும். அது வயிற்றுக்குள் போனால் தீங்கில்லை, ஆனால் இரண்டு வாரம் ஆகியும் நிற்கவில்லை என்றால் கார்ட்ரிட்ஜில் கோளாறு இருக்கிறது. வெள்ளைச் செதில் சுண்ணாம்புப் படிவாக இருக்கும்; அதுவும் தன்னளவில் தீங்கற்றது. ஆனால், ஒழுங்காக வேலை செய்யும் ஆர்.ஓ. மெஷினின் நீரில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வரக்கூடாது. இரண்டில் எனக்கு அதிகம் உறுத்துவது வெள்ளைதான். காரணம் தெளிவாகும் வரை குழந்தைக்கு இந்த நீரைத் தராமல், முத்திரை உடையாத, தயாரிப்புத் தேதி தெளிவாக உள்ள பாட்டில் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

இனி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். ஆர்.ஓ. மெஷினில் மெம்பிரேன் என்று சொல்லும் சவ்வின் துளை அளவைச் சுமார் 0.0001 மைக்ரான் என்று கணக்கிடுவார்கள். மனிதக் கண்ணுக்குத் தனித் துகளாகத் தெரிய வேண்டுமானால் அது ஏறக்குறைய 50 மைக்ரானாவது இருக்க வேண்டும். ஆகவே கண்ணால் பார்க்க முடிகிற எந்தத் துகளும் சவ்வின் ஊடே வந்திருக்க முடியாது. அது சவ்வுக்குப் பிறகுள்ள ஏதோ ஒரு பாகத்தில் உருவாகியிருக்க வேண்டும், அல்லது சவ்வைத் தொடாமல் வேறு வழியாக வந்திருக்க வேண்டும். சவ்வுக்குப் பிறகு இருப்பவை அதிகமில்லை: சுவைக்காக வைக்கும் கார்பன் கார்ட்ரிட்ஜ், சில மெஷின்களில் மினரல் கார்ட்ரிட்ஜ், நீர் சேரும் பிளாஸ்டிக் தொட்டி, குழாய். தேட வேண்டிய இடம் இவ்வளவுதான் என்பது தெரிந்தாலே பாதிக் கவலை குறைந்துவிடும்.

துகளின் அடையாளத்தை வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். காபி வடிகட்டும் தாள் கிடைத்தால் அது நல்லது. இல்லாவிட்டால் சுத்தமான வெள்ளை வேட்டித் துணியை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து இரண்டு லிட்டர் நீரை அதன் வழியே நிதானமாக வடித்து, நிழலில் உலர விடுங்கள். பிறகு செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கார்பன் என்றால் ஒழுங்கற்ற, கூரான விளிம்புள்ள, சற்றே மினுங்கும் கருந்துகள்களாக இருக்கும். ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் விரலால் அழுத்தி இழுத்தால் பென்சில் கோடு போல் சாம்பல் கருப்பில் கீறும். ரப்பர் வாஷர் அல்லது ஓ-ரிங் தேய்ந்து உதிர்ந்த துகள் என்றால் மெத்தென்று இருக்கும், விரலிடையே உருட்டினால் திரளும், நசுக்கினால் பொடியாகாது. வழவழப்பாக, தொட்டவுடன் அப்பிக்கொண்டு, நீரில் இருந்தபோது நூல் நூலாக ஆடிக்கொண்டிருந்தால் அது தொட்டியிலோ குழாய் வாயிலோ வளர்ந்த நுண்ணுயிர்ப் படலத்தின் பிய்ந்த துண்டு. மூன்றும் தூரத்தில் இருந்து பார்த்தால் “கருப்புப் புள்ளி”தான். ஆனால் முதலாவதுக்குக் கார்ட்ரிட்ஜைப் பார்க்க வேண்டும், இரண்டாவதுக்கு வாஷரை மாற்ற வேண்டும், மூன்றாவது என்றால் அன்றே மெஷினை நிறுத்தித் தொட்டியைக் கழுவ வேண்டும்.

கார்பனாக இருந்தால் நடந்திருக்கக் கூடியது இதுதான். இந்தக் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, நீராவியால் பதப்படுத்திய கிளர்வூட்டப்பட்ட கரி; காங்கேயம் பக்கத்தில் இதைத் தயாரிக்கும் ஆலைகள் பல உண்டு. மணிமணியாக நிரப்பும்போதும் லாரியில் குலுங்கி வரும்போதும் அவை ஒன்றோடொன்று உரசித் தூள் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் புதிதாகப் பொருத்தியதும் முதல் இரண்டு தொட்டி நீரைக் கீழே விடச் சொல்வார்கள். அதைச் செய்யாமல் போயிருந்தாலும் சில நாட்களில் தூள் நின்றிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் வருகிறது என்றால், கார்ட்ரிட்ஜின் வெளிவாயில் இருக்கும் வடிதுணி கிழிந்திருக்கலாம், அல்லது கார்ட்ரிட்ஜைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கலாம். அதன் மேலே நீர் போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். மெஷினின் மூடியைக் கழற்றி, அம்பு தொட்டியை நோக்கி இருக்கிறதா, சவ்வை நோக்கி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். அவசரமாக நான்கைந்து வீடுகளை முடித்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தவறவிடுவது அரிதல்ல.

கரித்தூள் உடம்பில் சேராது; விஷம் குடித்தவர்களுக்கு மருத்துவமனையில் கிராம் கணக்கில் கொடுப்பதும் இதே வகைக் கரிதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மருந்தாகக் கொடுப்பது தூய கரி. ஓராண்டு வேலை செய்த கார்ட்ரிட்ஜில் இருந்து உதிரும் கரியோ, அத்தனை நாளும் நீரிலிருந்து உறிஞ்சியதைச் சுமந்துகொண்டிருப்பது. அதன் மேற்பரப்பில் பாக்டீரியாக்களும் குடியேறியிருக்கும். புதிய கார்ட்ரிட்ஜின் தூளைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். பழைய கார்ட்ரிட்ஜ் திடீரென்று உதிரத் தொடங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மாற்றச் சொல்வேன். நீரில் குளோரின் இருந்தால் கரி அதையும் எடுத்துவிடும். அதனால் மெஷினின் தொட்டியில் தங்கும் நீருக்குக் கிருமி வளராமல் காக்கும் எதுவும் மிச்சமில்லை. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் தொட்டியில் நிற்கும் நீரை முழுவதும் கொட்டிவிட்டு, இரண்டு முறை நிரப்பிக் கொட்டிய பிறகே குடிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கருப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் மாங்கனீசு. இது காற்றுப்பட்டதும் கரும்பழுப்புப் பொடியாகப் பிரியும். உங்கள் கிணற்று நீரில் இது உண்டா என்று பார்க்கக் கழிப்பறை ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து உட்சுவரைத் தடவிப் பாருங்கள். சுத்திகரிக்காத நீர் மாதக்கணக்கில் நின்று போன இடம் அது. விரலில் கரிபோல் அப்பினால் மாங்கனீசு, செம்பழுப்பாக இருந்தால் இரும்பு, வெள்ளையாகச் சொரசொரத்தால் சுண்ணாம்பு. இரும்பு பெரும்பாலும் நிறமும் சுவையும் கெடுக்கும் பிரச்சினை. அதற்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. மாங்கனீசு அப்படியல்ல. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்ற கவலையால் அந்நிறுவனம் 2022-இல் அதற்கு லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் என்று தற்காலிக வரம்பு வைத்தது. இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாக 0.1 மில்லிகிராமையும், வேறு நீர் ஆதாரமே இல்லாதபோது 0.3 வரையும் அனுமதிக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. சவ்வு இதைத் தடுத்துவிடும். ஆகவே ஃபிளஷ் தொட்டியில் கருப்பு இருந்து, வடிகட்டிய நீரிலும் அதே மென்பொடி இருந்தால், மூலநீர் எங்கோ குறுக்கு வழியில் வந்து கலக்கிறது என்று பொருள்.

இந்தக் குறுக்கு வழிதான் உங்கள் வெள்ளைச் செதிலுக்கும் காரணமாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. கெட்டிலின் அடியில் ஒட்டுவதும் நீரின் மேல் செதிலாக மிதப்பதும் அதுவே. கால்சியத்தைச் சவ்வு பெருமளவு நீக்கிவிடுவதால் ஆர்.ஓ. நீரைக் கொதிக்க வைத்தால் இது கிட்டத்தட்ட வரவே கூடாது. முதலில் பாத்திரத்தின் மேல் சந்தேகப்படுங்கள்: பழைய கெட்டிலில் முன்பு படிந்தது உரிந்து வரலாம். எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, அதில் கொதிக்க வையுங்கள். அப்போதும் செதில் வந்தால், அதை ஒரு கரண்டியில் எடுத்து வினிகரோ எலுமிச்சைச் சாறோ இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் அது சுண்ணாம்பு. கரையாமல் கிடந்தால் மணலாகவோ பிளாஸ்டிக் துணுக்காகவோ இருக்கலாம். நீளமான வெள்ளை இழையாக இருந்தால், முதல் நிலை வடிகட்டியான பஞ்சு போன்ற பாலிபுரொப்பிலீன் கேண்டிலிலிருந்து பிரிந்து, சவ்வைத் தொடாமல் குறுக்கு வழியில் வந்தது.

சுண்ணாம்பு என்று உறுதியானால் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்: மெஷினுக்குள் போகும் நீர், குழாயில் வரும் நீர். உள்ளே போவது 1000 என்றால், நல்ல சவ்வு ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை நீக்கி 100-க்குக் கீழோ அதை ஒட்டியோ கொடுக்கும். குழாயில் 350, 400 என்று காட்டினால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. ஒன்று, சவ்வோ அதன் முனையில் உள்ள ஓ-ரிங்கோ கெட்டுவிட்டது. மற்றொன்று, டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சிறிய திருகை அதிகமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். “தண்ணீர் சப்பென்று இருக்கிறது” என்று வீட்டில் சொன்னால், வருகிறவர் இந்தத் திருகைத் திறந்துவிட்டுப் போவது வழக்கம். அதன் வழியே வரும் நீர் சவ்வைத் தொடுவதில்லை. கிணற்றில் என்னென்ன கரைந்திருந்ததோ அதெல்லாம் அந்தப் பங்கில் அப்படியே வருகிறது.

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீர்த் தொட்டிகள் நெருக்கமாக உள்ள குடியிருப்புப் பகுதிகளில் இது நடக்கக் கூடியதே. இந்தியத் தரத்தின் வரம்பு 45. கால் பங்கு நீர் குறுக்கு வழியில் கலந்தால், குழாயில் 30 சொச்சம் வரும். பாதி கலந்தால் வரம்பைத் தாண்டிவிடும். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, துகளும் இல்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்து உடல் நீலம்பாரிக்கச் செய்வது இது. உங்கள் குழந்தை அந்த வயதைக் கடந்துவிட்டாலும் அலட்சியம் வேண்டாம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஃபுளூரைடும் அப்படித்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் பளிங்கு போன்ற கிணற்று நீரைத் தலைமுறையாகக் குடித்துப் பற்கள் கறைபட்டவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைச் செதில் தீங்கற்றது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாததற்குக் காரணம் இதுதான்: செதில் வருகிற வழியாகவே கண்ணுக்குத் தெரியாத மற்றவையும் வரும்.

எல்லா வெண்மையும் சுண்ணாம்பல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாயைத் திறந்தவுடன் நீர் பால் போல் தெரிந்து, அடியிலிருந்து மேல்நோக்கி ஓரிரு நிமிடத்தில் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி.

மூலநீரில் கலங்கல் இருந்தால் எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் அந்தக் கேள்வி நிச்சயம் வரும். அங்கே துகளுக்கு வேறு பொருள் இருக்கிறது. மண்துகள்களில் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும், யு.வி. எனும் புற ஊதா விளக்கின் ஒளியிலிருந்தும் குளோரினிலிருந்தும் அந்தத் துகளே அவற்றுக்கு மறைப்பாகிவிடும். ஐ.எஸ். 10500 கலங்கல் அளவை 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) என்று வைத்து, வேறு வழியில்லாவிட்டால் 5 வரை போகலாம் என்று சொல்வதில் இந்தக் காரணமும் அடங்கியிருக்கிறது. ஆர்.ஓ. இல்லாமல் யு.வி. மட்டும் உள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் கலங்கல் நீரை அதில் விட்டுவிட்டு நம்பியிருக்கக் கூடாது. வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் பழைய புடவைத் துணியைப் பலமுறை மடித்து நீரை வடிக்கச் செய்து ஆராய்ந்ததில், காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது; 2003-இல் வெளிவந்த முடிவு அது. காலராக் கிருமி அந்தத் துணியில் நிற்காத அளவுக்குச் சிறியது. ஆனால் அது ஒட்டிக்கொண்டு வாழும் நீர்ப்பூச்சிகள் துணியில் நின்றுவிட்டன. நம் வீடுகளில் பானையின் உட்புறம் தேற்றான்கொட்டையை உரைத்துக் கலங்கலைப் படிய வைத்ததும் இதே திசையில் பயன்பட்டிருக்கும். என்றாலும் தெளிந்துவிட்டது என்பதற்காக அந்த நீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பது சரியல்ல.

பிளாஸ்டிக் நுண்துகள்களைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. பாட்டில் நீரில் லிட்டருக்குச் சராசரியாக சுமார் 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதாக 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வு பரபரப்பானது. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு கண்ணுக்கோ சாதாரண நுண்ணோக்கிக்கோ எட்டாதவை. உடலில் அவை என்ன செய்கின்றன என்பதற்கு இன்னும் உறுதியான விடை கிடைக்கவில்லை என்பதே ஆய்வாளர்களின் நிலை. அதே ஆண்டு சீனாவின் குவாங்சோவில் இருந்து வந்த இன்னோர் ஆய்வு, கடின நீரைக் கொதிக்க வைக்கும்போது படியும் சுண்ணாம்பு, பிளாஸ்டிக் துகள்களையும் பிடித்துக்கொண்டு அடியில் தங்குவதைக் காட்டியது. கொதித்த நீரை ஆறவிட்டு, அசைக்காமல் மேலாக வடித்துக்கொள்ளும் பழைய பழக்கம் இந்தக் காரணத்துக்காகவும் நல்லது. ஆனால் உங்கள் டம்ளரில் கண்ணுக்குத் தெரிபவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

உடனே குடிப்பதை நிறுத்த வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: துகளோடு சாக்கடை வாடை, மழைக்கோ குழாய் தோண்டிய வேலைக்கோ பிறகு திடீரென்று வந்த கலங்கல், வழவழப்பான படலம், நெளியும் புழு, வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு. இவற்றில் எது வந்தாலும் சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவிக் குளோரின் போடும் வரை, தளதளவென்று கொதித்த நீர் தவிர வேறு எதையும் குடிக்க வேண்டாம்.

இல்லாவிட்டாலும், குழந்தையை முன்னிட்டு ஒரு முறை பரிசோதனைக் கூடத்தில் பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் கொடுக்கலாம். கிண்டி கிங் நிலையத்திலும் நீர்ப் பரிசோதனை உண்டு. “தண்ணீர் நல்லதா என்று பாருங்கள்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கலங்கல், பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை, இரும்பு, மாங்கனீசு, நைட்ரேட், ஃபுளூரைடு, ஈ.கோலி (மலக் கலப்பைக் காட்டும் கிருமி) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஈ.கோலி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம்.

கிருமிப் பரிசோதனைக்குக் குளிர்பானப் பாட்டிலில் நீர் பிடித்துக்கொண்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலையில் மனத்துக்கு மிகவும் கஷ்டமான பகுதி. அப்படிப் பிடித்த நீரில் கிடைக்கும் முடிவுக்கு எந்த மதிப்பும் கிடையாது. கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வுக்கூடத்திலேயே வாங்குங்கள். குழாய் வாயை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, இரண்டு நிமிடம் நீரை ஓடவிட்டு, பாட்டிலின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் தொடாமல் பிடித்து, பனிக்கட்டி வைத்த பையில் அன்றே கொண்டு சேருங்கள். கிணற்று நீர் ஒன்று, மெஷின் நீர் ஒன்று என இரண்டு மாதிரி கொடுங்கள். மெஷின் நீரின் நைட்ரேட் கிணற்று நீரில் உள்ளதில் பத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாக இருந்தால் சவ்வு நன்றாக இருக்கிறது, அம்புக்குறியைச் சரிபார்த்து கார்பன் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும். பாதியை நெருங்கினால், வருகிறவரை நிறுத்தி வைத்து, உங்கள் கண்ணெதிரே டி.டி.எஸ். திருகை முழுவதும் மூடச் சொல்லுங்கள்; அரை மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டியைக் காலி செய்தபின் மீட்டரில் எண் இறங்காவிட்டால், மாற்ற வேண்டியது சவ்வுதான்.